பட்டைத் தொட்டி வீட்டில் பேன்

எங்கள் வீட்டில் யாருக்கும் பேன் வராது என்பது நான் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட ஒரு விஷயம். அதற்கு யாரும் ஆதாரம் கேட்டதில்லை; கிழக்கே சூரியன் உதிப்பதற்கு யார் ஆதாரம் கேட்கிறார்கள்? அப்பா ஆம்பூரில் பாலாற்றை ஒட்டியிருந்த ஒரு தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டிகளுக்கு மேஸ்திரியாக இருந்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். கழுவிய ஆட்டுத் தோல்களை ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாள்கணக்கில் முக்கி வைத்துப் பதமாக்குவது அப்பாவின் பொறுப்பு. அந்தத் தண்ணீரின் துவர்ப்பு வாசனை அவருடைய வேட்டியிலும், நகக்கண்களிலும், அவர் சாய்ந்து உட்காரும் சுவரிலும்கூட இருந்தது. செத்த தோலையே புழு அண்டாமல் காப்பாற்றும் தண்ணீர் உயிரோடிருக்கும் தலையைக் காப்பாற்றாதா என்பது அவருடைய வாதம். மாதத்துக்கு ஒரு முறை ஒரு செம்பில் பட்டைத் தண்ணீர் வீட்டுக்கு வரும். அம்மா அதை வெந்நீரில் கலந்து என் தலையில் ஊற்றுவார். கூந்தல் கயிறுபோல விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பையே நாங்கள் சுத்தம் என்று எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் பேன் எங்கே பிறக்கிறது? அதற்கும் விடை தயாராக இருந்தது. ஷாப்பின் மறுகோடியில் சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்தன. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து ஆட்டு ரோமம் தளர்ந்து கழன்று வரும். அதை வழித்துக் குவித்து, அலசிக் காயவைத்து, கம்பளி நெய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள். அந்த ஈர ரோமக் குவியலில்தான் பேன் பிறக்கிறது, அங்கே வேலை செய்யும் பெண்களின் கூந்தலில் ஏறித்தான் அது ஊருக்குள் வருகிறது என்பது பட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் அனைத்தும் ஒப்புக்கொண்ட உண்மை. மனிதர்களின் கையையே அரித்துப் புண்ணாக்கும் சுண்ணாம்பில் ஒரு பூச்சி எப்படிப் பிழைக்கும் என்று ஒருவரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை; அந்த நம்பிக்கை எங்களுக்கு வசதியாக இருந்தது.

பட்டைப் பக்கத்து வீடுகளுக்கும் சுண்ணாம்புப் பக்கத்து வீடுகளுக்கும் நடுவில் சுண்ணாம்புத் தண்ணீர் வெளுப்பாக ஓடும் ஒரு கால்வாய் இருந்தது. அதைக் கடக்க ஒரு கற்பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் வேலைக்காக அதன்மேல் நடந்து வருவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதில் கால் வைத்ததில்லை. சாதி என்னும் சொல் அதற்குள் இருந்தது என்பதை நான் பிற்பாடு அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது கால்வாய் மட்டும்தான்.

என் தலையை வாரிவிடுகிறவர் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். வாணியம்பாடிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்றே ஆண்டுகளில் கணவரை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடும் முழங்காலைத் தொடும் கூந்தலோடும் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அந்தக் கூந்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணவனை இழந்தவள் தலையை மழிக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆனால் அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, அங்கே தமக்கு மேலானவர்கள் என்று கருதிய குடும்பங்களின் நடைமுறைகளை ஒவ்வொன்றாகக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் காபியைக் குடித்து முடித்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பாராமல் சொல்வார்:

“திருப்பதிக்கு ஒரு தபா போய்க் குடுத்துட்டு வந்துட்டா இன்னா? தலைக்கும் பாரம் கம்மி, குடும்பத்துக்கும் கௌரவம்.”

“ஆவட்டும்ண்ணா. இப்ப பனிக்காலமா இருக்குது, தலைக்கு ஒத்துக்காது” என்பார் அத்தை. கோடையில் அவர் வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும் என்பார். மழைக்காலத்தில் மலைப்பாதை வழுக்கும். இப்படி ஒரு பருவத்தின் முதுகில் ஏறி அடுத்த பருவத்துக்குப் போய்க்கொண்டே மூன்று ஆண்டுகளைக் கடத்தியிருந்தார். அப்பா இருவருக்கும் நடுவில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். அண்ணன் சொல்லைத் தட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. தகுந்த காரணம் ஒன்று கிடைத்திருந்தால் அவரே வண்டி பிடித்திருப்பார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அத்தை எல்லார் தலையையும் வாருவார். அவர் தலையை யாரும் வாரியதில்லை. வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தாமே சிக்கெடுத்து, தாமே முடிந்துகொண்டு வெளியே வருவார். அது கூச்சம் என்று நினைத்திருந்தேன். அவரும் நானும் ஒரே பாயில், ஒரே தலையணையில் படுப்போம். தூக்கத்தில் முடிச்சு அவிழ்ந்து அவர் கூந்தல் என் கழுத்தின்மேல் போர்வைபோலக் கிடக்கும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தலை அரிக்கத் தொடங்கியது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம். அத்தை, அது சூடு என்றார். விளக்கெண்ணெய் வைத்தார். கூந்தலில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று அம்மா சொன்னபோது, பள்ளிக்கூடத்துச் சுவரில் புதிதாக அடித்த சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்றார். அம்மா மறுத்துப் பேசவில்லை. அண்ணி சொன்னால் சொன்னதுதான்.

நான் படித்தது மிஷன் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே கால்வாயின் இரு பக்கத்துப் பெண்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பெஞ்சுக்கு ஒரு வாசகப் புத்தகம், இரண்டு பேர் சேர்ந்து படிக்க வேண்டும். என்னோடு படித்தவள் சலோமி. அவளுடைய அம்மா ஷாப்பில் ரோமம் அலசுகிறவர். நாங்கள் அவரை அப்போது ‘அவள்’ என்றுதான் பேசினோம். சலோமிக்கு அடர்த்தியான சுருள்முடி. படிக்கும்போது அவள் நெற்றி என் நெற்றியில் இடிக்கும். நான் ஒரு வரி படித்து முடிப்பதற்குள் அவள் பக்கத்தின் அடிக்கு வந்து, புரட்டுவதற்காக விரலை நக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் டீச்சரம்மா எங்களைப் புங்கமரத்தடியில் வெயில் படும்படி உட்கார வைத்து ஒவ்வொருவர் தலையாகப் பார்த்தார். அவர் இளம் வயதுக்காரர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். என் பின்னலை அவிழ்த்து, காதுக்குப் பின்னால் முடியை வகிர்ந்து, ஓர் இழையைப் பிடித்து வெயிலில் தூக்கி ஊதினார்.

“எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. பொடுகா இருந்தா ஊதினாப் பறக்கும், தட்டினா உதிரும். இது பறக்குதா? முடியக் கெட்டியாப் புடிச்சிகினு நிக்குது. நகத்தால உருவினாத்தான் வரும். இதுக்குப் பேரு ஈர். பேனோட முட்டை. வேர்கிட்ட ஒட்டிகினு இருந்தா புதுசு. வேரை விட்டுத் தள்ளி இருந்தா பழசு, பொரிச்சிப் போன கூடு.”

பதினைந்து முகங்கள் என் தலைக்கு மேல் குனிந்தன. எனக்கு வந்தது வெட்கமல்ல, கோபம்.

“எங்க வீட்ல வராது டீச்சர். நாங்க பட்டைத் தொட்டி.”

“அப்டியா? பாவம், அது தெரியாம ஏறிட்டுது” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்காமல் சலோமியின் தலையைப் பார்க்கத் தொடங்கினார்.

“எனக்கும் இருக்குதா டீச்சர்?” என்றாள் சலோமி.

“ரெண்டு மூணு இருக்குது.”

“இவளுக்குத்தான் ஜாஸ்தி” என்று சலோமி எனக்காக வருத்தப்படும் குரலில் சொன்னாள். அந்த ஜாஸ்திக்கும் கம்மிக்கும் என்ன பொருள் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு தலையில் குடும்பமே இருந்து, பக்கத்துத் தலையில் இரண்டு மூன்று மட்டும் இருந்தால் எது எங்கிருந்து போனது என்று சொல்ல நான்காம் வகுப்புப் படிப்பு போதும். ஆனாலும் அது எனக்குத் தோன்றவில்லை.

செய்ய வேண்டியதை டீச்சரம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னார். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து, மாலையில் தலை முழுக்கத் தேய்த்துத் துணியால் கட்டிவிட வேண்டும். காலையில் முடி ஈரமாக எண்ணெயோடு இருக்கும்போதே நெருக்கமான பல் உள்ள பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை கொஞ்சம் கொஞ்சமாக வார வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணாயில் ஊற்றக் கூடாது. விளக்குப் பக்கம் போனால் தலையோடு பற்றிக்கொள்ளும். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசக் கூடாது. கண்ணில் பட்டால் கண் கெடும். எண்ணெய்க்குப் பேன் அடங்கும், முட்டை அடங்காது. ஆகவே எட்டாம் நாள், பொரித்த குஞ்சுகள் பெரிதாகி முட்டையிடுவதற்கு முன்பு, மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும்.

“கடைசியா ஒண்ணு. வீட்ல உங்ககூட ஒரே பாய்ல படுக்கிறவங்க தலையையும் அன்னிக்கே பாக்கணும். அத விட்டுட்டா நீங்க எடுக்கிறது எல்லாம் வீண்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரிய கலவரம் எதுவும் எழவில்லை. பழைய நம்பிக்கை இடிந்து விழும் என்று பார்த்தால், அது இன்னும் உறுதியாக எழுந்து நின்றது. பின்கட்டில் என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அத்தை கேட்டார்:

“ஸ்கூல்ல யார்கூட உக்காருற?”

“சலோமிகூட.”

“எந்த சலோமி?”

“ரோமம் அலசுறாளே, அவ பொண்ணு.”

“கேட்டியாம்மா?” என்று அத்தை அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “நம்ம வீட்ல எப்டி வந்துதுன்னு நெனச்சேன். இப்ப தெரிஞ்சிபோச்சி.”

அப்பா ஷாப்பிலிருந்து வந்ததும் அவருக்கும் சொல்லப்பட்டது. “தொட்டியில தோலே கெடாம நிக்குது. தலை தானா கெடுமா? அக்கா சொல்றது சரிதான்” என்றார். விஷயம் தீர்ந்துவிட்டது.

அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், எனக்கு நினைவு வந்து, “டீச்சர் இன்னொண்ணு சொன்னாங்க அத்தை. கூடப் படுக்கிறவங்க தலையையும் பாக்கணுமாம்” என்றேன்.

என் தலையில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“அத அம்மாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத கண்ணு. அவ பயந்துக்குவா. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.”

பெரியவர் ஒருவரோடு ரகசியம் வைத்துக்கொள்ளும் பெருமை எனக்கு அன்றுதான் முதன்முதலாகக் கிடைத்தது. அதைப் பத்திரமாகக் காப்பாற்றினேன்.

திங்கட்கிழமை அத்தை பள்ளிக்கூடத்துக்கே வந்தார். வெளியில் அதிகம் போகாதவர் முக்காடு போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றதும் வகுப்பு முழுவதும் வாசலைப் பார்த்துத் திரும்பியது.

“டீச்சரம்மா, அந்தப் பொண்ணை எங்க பிள்ளை பக்கத்துலேந்து தள்ளி உக்கார வைங்க.”

“எந்தப் பொண்ணை?”

“எதுன்னு உங்களுக்கே தெரியும். ரோமத்துல பொரளுறவங்க வீட்லேந்து வருது. நாங்க சும்மா இருந்தாலும் எங்க பக்கத்துல மத்தவங்க இருப்பாங்களா? அஞ்சு பிள்ளைங்க வருதுங்க. அஞ்சும் நின்னுடும்.”

“அம்மா, பேனுக்கு ரெக்கை கெடையாது. அது தாவவும் தாவாது. தலையோட தலை ஒட்டினாத்தான் நடந்து போகும். ஆட்டுப் பேன் மனுஷத் தலையில நிக்கவே நிக்காது. யார்கிட்டேந்து யாருக்குப் போச்சின்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. நான் யாரையும் தள்ளி உக்கார வைக்க மாட்டேன்.”

அத்தை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திரும்பினார். ஆனால் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது. அன்று மாலைக்குள் அது பட்டைத் தொட்டிகளைச் சுற்றி, சுண்ணாம்புத் தொட்டிகளைச் சுற்றி, ரோமக் குவியலுக்கு முன் குந்தியிருந்த சலோமியின் அம்மாவை அடைந்தது.

புதன்கிழமை சலோமி தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளே துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சுருள்முடி முழுவதும் போயிருந்தது. காதுக்கு மேல் இரண்டு இடத்தில் கத்திக்கீறல் காய்ந்திருந்தது.

“எங்கம்மாவே வழிச்சிட்டாங்க. நான் தலைய ஆட்டிகினே இருந்தேன். ‘ஆட்டுத்தோலுகூட இவ்ளோ மொரண்டு பண்ணாதுடி’ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. அவங்களும் சிரிச்சாங்க. அப்றம் அழுதாங்க.”

புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை ஒரு விரலால் என் பக்கமே தள்ளினாள்.

“நீயே வச்சிக்கோ. எனக்கு அந்தப் பாடம் மனப்பாடம்.”

இரண்டு பேருக்கான புத்தகம் அன்று முதல் எனக்கு மட்டும் ஆனது. ஆசைப்பட்டதுதான், கிடைத்தபோது பக்கத்தைப் புரட்ட ஆளில்லை.

எட்டாம் நாள் வந்தது. பின்கட்டில், வெயிலில், என் முன்னால் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டு அத்தை வாரினார். அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் கடுகளவுகூட இல்லாத குஞ்சுகள் நாலைந்து விழுந்தன. அது எதிர்பார்த்ததுதான். பிறகு எள்ளளவு பருத்து, வயிறு கருத்த ஒன்று விழுந்து, மல்லாந்து காலை உதைத்தது. இன்னொன்று. மறுபடி ஒன்று.

“இன்னா அண்ணி, எட்டு நாள் குஞ்சு இவ்ளோ பெருசா இருக்குது?” என்றார் அம்மா.

“எண்ணெய் குடிச்சிக் கொழுத்துட்டுது.”

அம்மா அந்தப் பேனை நகத்தில் வைத்து நசுக்கினார். அண்ணியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவருடைய பார்வை அங்கிருந்து மேலே, நெற்றிக்கு மேல் இறுகக் கட்டியிருந்த கூந்தலுக்குப் போனது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை டீச்சரம்மா என் தலையை மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இது உன் தலையில பொரிச்சது இல்ல. வளந்த பேன், வேற தலையிலேந்து வந்திருக்குது. வீட்ல யார்கூடப் படுக்குற?”

அது அத்தைக்கும் எனக்கும் நடுவில் இருந்த ரகசியம். நான் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் கோடியில் சலோமி சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தலையில் நீலநிறத்தில் மயிர்க்கால்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. அங்கே ஒரு பேன் ஒளிவதற்கு இடமே இல்லை. அவள் தலையிலிருந்து எனக்கு வந்திருக்க முடியாது என்பது ஒன்பது வயதுக்காரிக்கும் தெரியும்படி அந்தத் தலை ஜன்னல் வெயிலில் பளபளத்தது.

“அத்தைகூட” என்றேன்.

சிலேட்டுக் குச்சியின் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது. சலோமி தலை நிமிரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அம்மா பாய்களையும் போர்வைகளையும் தலையணை உறைகளையும் ஒன்றுவிடாமல் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் புறப்பட்டார். வழக்கமாக என்னைக் கூட்டிப் போகிறவர் அன்று அழைக்கவில்லை. “வர்றதுக்குப் பொழுது சாயும்” என்று மட்டும் சொன்னார். அவர் தெருமுனையைத் திரும்பிய சிறிது நேரத்துக்கெல்லாம் டீச்சரம்மா ஒரு துணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“இன்னா டீச்சரம்மா, எங்க வீட்லயும் சோதனையா?” என்றார் அத்தை.

“சோதனை இல்லக்கா. எல்லார் தலையையும் நீங்க வாருறீங்க. உங்க தலையை யாரு வாருறாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அத்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய ஒரு கை தானாகப் பிடரிக்குப் போனது.

“பிடரியை யாராலயும் தானா பாத்துக்க முடியாதுக்கா. நீங்க எவ்ளோ வாரினாலும் பின்னாடி நிக்கும்.”

“யாருக்காவது தெரிஞ்சா…”

“எனக்கு மறதி ஜாஸ்தி” என்றார் டீச்சரம்மா.

இருவரும் உள்ளறைக்குள் போனார்கள். யாராவது வந்தால் குரல் கொடுக்கும்படி என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். வேப்பெண்ணெய் வாசனை கதவிடுக்கு வழியே வந்தது. சீப்பு இழுபடும் சத்தம், துணியில் துடைக்கும் சத்தம், மறுபடியும் சீப்பு. கதவில் சாய்ந்தபடியே எனக்குக் கால் மரத்துப்போயிற்று. பிறகு அத்தை அழும் சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை. பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன்.

“டீச்சர், மெதுவா இழுங்க! அத்தைக்கு வலிக்குது!”

உள்ளே சீப்பு நின்றது. பின்பு இருவரும் சிரித்தார்கள். சிரிப்போடு சேர்ந்து அழுகை இன்னும் கூடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஒரு முடி போவாதுக்கா. எட்டு நாள் கழிச்சி மறுபடியும் வர்றேன்” என்று டீச்சரம்மா சொல்வது கேட்டது.

வந்தார். அந்தச் சனிக்கிழமையும் அம்மாவுக்கு ஆற்றில் நிறைய வேலை இருந்தது. அதன்பின் என் தலையில் ஒரு பேனும் இல்லை. பட்டைத் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று அப்பா கடைசிவரை நம்பினார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கால்வாய்வரை நடந்தார். கற்பலகையில் கால் வைத்து அந்தப் பக்கம் போனார். எங்கள் பக்கத்துப் பெண்கள் வாசல்களிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். நான் பின்னாலேயே ஓடி, கற்பலகையின் இந்த முனையில் நின்றுவிட்டேன். சலோமியின் வீட்டு வாசலில் அவளுடைய அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். இருவரும் ஏதோ பேசினார்கள். பேசியது அத்தைதான். சலோமியின் அம்மா கீழே வைத்த முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். சலோமி வந்து வாசலில் உட்கார்ந்தாள். நெல்மணி அளவுகூட வளராத அந்தத் தலையில் அத்தை எண்ணெய் தேய்க்கத் தொடங்கினார்.

“அக்காவுக்கு அந்தப் பக்கம் இன்னா வேலை?” என்று அப்பா மாலையில் கேட்டார்.

“எண்ணெய் மீந்துட்டுது” என்றார் அத்தை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய் மீந்தது. சலோமியின் முடி காதைத் தொடும்வரை, தோளைத் தொடும்வரை, மறுபடி இரட்டைப் பின்னல் போடும்வரை மீந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரே பொறாமை. என்னைவிடச் சலோமியைத்தான் அத்தைக்குப் பிடிக்கிறது என்று அம்மாவிடம் அழுதேன். “போய்ப் படி” என்றார் அம்மா.

சலோமி பள்ளியை விடவில்லை. பெஞ்சின் கோடியிலிருந்து என் பக்கத்துக்கு நகர்ந்து வர அவளுக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. வந்த அன்று, நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை நான் முடிக்கும் முன்பே புரட்டினாள். நான் மீதி வரிகளை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். பிற்காலத்தில் அவள் நர்ஸ் வேலைக்குப் படித்து, எண்ணற்ற குழந்தைகளின் தலையை வெயிலில் பிடித்து ஊதிப் பார்த்தாள். நான் புத்தகங்களோடு வாழ்ந்தேன்.

அத்தை கற்பலகைக்கு அப்பால் என்ன பேசினார் என்பதைச் சலோமிதான் எனக்குச் சொன்னாள், எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகு. “என் தலையில இருந்ததுதான் உன் பொண்ணு முடிய எடுத்துட்டுது. தெரிஞ்சா என் முடியையும் எடுத்துடுவாங்கன்னு அவ மேல போட்டுட்டேன்” என்றாராம். சுற்றி வளைக்காமல், வாசலில் நின்றபடியே. மறுநாள் காலையில் ரோமக் குவியலுக்கு முன் உட்கார்ந்து சலோமியின் அம்மா அதில் ஒரு வார்த்தையை உதிர்த்திருந்தால் போதும். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து அது பட்டைத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து அரக்கோணம் போயிருக்கும். பெரியப்பாவுக்கு அத்தனை நாளாகக் கிடைக்காதிருந்த காரணம் கிடைத்திருக்கும். சலோமியின் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட, தாம் சாகும் தறுவாயில்தான் சொன்னாராம்.

அம்மாவும் தம் கடைசி நாட்களில் ஒன்று சொன்னார். பள்ளிக்கூடத்து வாசலில் டீச்சரம்மாவைக் கண்டு, சனிக்கிழமை மதியம் வீட்டில் தாம் இருக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தது அவர்தானாம். “அண்ணி எங்கிட்ட காட்ட மாட்டாங்க. நான் பாத்துட்டா உங்கப்பாகிட்ட மறைக்கணும். பாக்காம இருந்துட்டா மறைக்கவே வேணாம் இல்ல?” என்றார். என் தாயை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று மட்டுமே நான் அறிந்திருந்தேன்.

ஆக, ஒரு தலையின் கூந்தலை டீச்சரம்மா, அம்மா, சலோமியின் அம்மா என மூன்று பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசாமலே சேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அப்படிக் காப்பாற்ற வேண்டிய அவசியம் சிறிதும் இருக்கவில்லை. அவருடைய மகளின் சுருள்முடியைத்தான் அந்தக் கூந்தலுக்காகக் கொடுக்க நேர்ந்தது. கதவுக்கு வெளியே காவல் நின்ற எனக்கு, சீப்பு இழுக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக வேறு எவர் கையும் படாத ஒரு தலையில் கை படும்போது அழுகை வரும் என்று எந்த வாசகப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

அத்தை எழுபதைக் கடந்து வாழ்ந்தார். போகும்போது அவருடைய கூந்தல் வெளுத்து, மெலிந்து, ஆனால் இடுப்புவரை இருந்தது. அதற்குக் கடைசியாக எண்ணெய் வைத்து வாரியவள் சலோமி. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். டீச்சரம்மா தெற்கே எங்கோ மாற்றலாகிப் போனதோடு சரி. கால்வாயை மூடி மேலே சாலை போட்டுவிட்டார்கள். கற்பலகை அதற்கடியில் இருக்கலாம்.

சலோமி இருக்கிறாள். நான் இருக்கிறேன்.